திட்டுக்குப் போன தோணி

கோவில்பட்டி
27-1-1960

பிரியமுள்ள தம்பி சாமித்துரைக்கு அக்கா மாரித்தாய் எழுதுதேன்.

இங்கன நான், உங்க அத்தான், பிள்ளைக ரெண்டு பேரும் நல்லாருக்கோம். உனக்கு இருமல்னு போன கடுதாசியில எழுதியிருந்த. இப்ப எப்படி இருக்கு? மிளகு ரசம் வச்சுக் குடிச்சியா, இல்ல அந்தத் துறைமுகத்துக் காத்துல துண்டு கூடப் போத்தாம நிக்கியா?

ஒரு விஷயம் சொல்லணும். ஓடைக்கரைப்பட்டியிலருந்து கொம்பையா வந்திருந்தாவ. நம்ம தங்கச்சி பேச்சி செத்து வார பங்குனியோட ஒரு வருஷம். கொம்பையாவுக்கு இப்ப ரெண்டாங்கல்யாணம் பேசுதாவ. உங்க அத்தானுக்குச் சித்தப்பா மகன்ங்கதால இவியதான் முன்ன நின்னு பேசுதாவ. மாசியில அந்த ஊர் உச்சிமாகாளி கோயில் கொடை. பிப்ரவரி 20, 21, சனி ஞாயிறு. "மச்சான் ஒருக்கா வந்து தலையக் காட்டிட்டுப் போனா ஊர் வாய் அடங்கும்"னு கொம்பையா சொல்லுதாவ. தங்கச்சி காரியத்துக்குப் பொறவு நீ அந்தத் திசைக்கே போகல. கிணத்துல கால் தவறி விழுந்ததுக்கு யாரை என்ன சொல்ல முடியும். அத்தான் எழுதச் சொன்னாவ, எழுதிட்டேன். போறதும் போகாததும் உன் இஷ்டம்.

நான் கொடைக்கு வரல. இங்கன வேலை இருக்கு.

உடம்பப் பாத்துக்கோ.
அக்கா மாரித்தாய்

*

தூத்துக்குடி
6-2-1960

அக்காவுக்குச் சாமித்துரை கும்பிட்டு எழுதுவது.

இருமல் விட்டுட்டு. நீ சுகமா இருக்கேன்னு எழுதினாலும் கையெழுத்து ஆடிக் கெடக்கு. கண்ணு பாத்தியா? பிள்ளைகளை நான் கேட்டதாச் சொல்லு.

கொடைக்குப் போறேன். அந்த வாரம் நடுக்கடல்ல கப்பல் ஒண்ணும் இல்ல, சனிக்கிழமை மத்தியானத்தோட தோணியக் கட்டிருவோம். சைக்கிள்ல போயிட்டு ஞாயித்துக்கிழமை பொழுது சாயத் திரும்பிருவேன். எங்கூட அறையில இருக்குத மைதீன் அண்ணாச்சி தானும் வாரேன்னாவ. வேண்டாம்னுட்டேன். எத்தனையோ வருஷமாச்சு தனியா ஒரு ரோட்டுல போயி. கொம்பையா வீட்டுல தங்க மாட்டேன். ஒரு போர்வை, கொஞ்சம் அவல், ஒரு செம்பு எடுத்துக்கிடுதேன். கம்மாய்க்கரையில படுத்துக்கிடலாம்.

கொம்பையாவுக்குப் பொண்ணு எந்த ஊரு? அது மட்டும் எழுது.

தம்பி
சாமித்துரை

*

தூத்துக்குடி
24-2-1960

அக்காவுக்கு வணக்கம். அத்தான், பிள்ளைக எல்லாரும் சுகந்தானே.

இது என் கையெழுத்து இல்லன்னு பயப்படாத. வழியில சைக்கிளோட விழுந்து கையில சுளுக்கு. நான் சொல்லச் சொல்ல மைதீன் அண்ணாச்சி எழுதுதாவ.

கொடைக்குப் போயிட்டு வந்தேன். பாஞ்சாலங்குறிச்சி தாண்டினதும் நல்ல ரோடு முடிஞ்சு வண்டிப்பாதை. ரெண்டு பக்கமும் பருத்தி வெடிச்சு வெள்ளையாக் கெடக்கு. எதிர்க்காத்து. ஒரு இடத்துல சைக்கிளைப் படுக்கப்போட்டு அவலை நனைச்சுத் தின்னுட்டு, யாரும் இல்லாத காட்டுல சத்தமாப் பாடினேன். எனக்கே சிரிப்பு வந்துட்டு.

அந்த ஊர்க் கம்மாய் இந்த வருஷ மழைக்கு இன்னும் ததும்பி நிக்கி. நடுவுல ஒரு திட்டு. அதுலதான் உச்சிமாகாளிக்கு ஆதி பீடம். தண்ணி நின்னா பனைமரத்தைக் குடைஞ்ச தோணியிலதான் அங்க போகணும். ரெண்டு ஆள் உக்காரலாம், கொஞ்சம் அசந்தா உருண்டுரும். நம்ம கடல் தோணி மாதிரி இல்ல. சனிக்கிழமை பொழுது இறங்கும்போது கேட்டு வாங்கி நான் மட்டும் ஓட்டிப் பாத்தேன். ஒடஞ்ச பலகையைச் செதுக்கின துடுப்பு. நீர்க்காக்கா தலைய மட்டும் தூக்கிக்கிட்டு முன்னாலயே போகுது. அந்த அரைமணி நேரம் எனக்கு எதுவும் நெனப்புல இல்ல.

கரையில கருவேல மரத்தடியில படுத்தேன். கொடை நல்லா நடந்துது. வில்லுப்பாட்டு, மேளம், பதினெட்டுக் கிடா வெட்டு. சாமியாடி வெட்டின கிடாக் கழுத்துல வாயை வச்சு ரத்தம் குடிச்சாரு. அத்தானையும் கண்டேன். நல்லாருந்தாவ. கொம்பையாவையும் பாத்தேன்.

வேற விசேஷம் இல்ல.
சாமித்துரை

*

கோவில்பட்டி
2-3-1960

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

கடுதாசி கெடச்சுது. நீ காட்டுல பாடினத வாசிச்சு சின்னவ சிரிச்சா. சுளுக்குக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேச்சு விடச் சொல்லு. அதச் செய்யக்கூட உன் பக்கத்துல ஒரு ஆளு இல்லையேன்னு இருக்கு.

உங்க அத்தான் கொடைக்குப் போயிட்டு வந்ததிலருந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. சோத்துத் தட்டை ரெண்டு மட்டம் வீசிட்டாவ. கல்யாணப் பேச்சும் நின்னுட்டு. கேட்டா, "உன் தம்பியக் கேளு"ன்னாவ. அங்கன என்ன நடந்துது?

பதில் போடு.
மாரித்தாய்

*

கோவில்பட்டி
21-3-1960

சாமித்துரைக்கு,

பத்தொம்பது நாளாப் பதில் இல்ல. உன் சுகம் என்னன்னு எழுதச் சொல்லிக் கேக்கக்கூட பயமா இருக்கு.

நேத்து எட்டயபுரத்து ரசூல் பீவி வீட்டுக்கு வந்தா. ஊர் ஊராப் பெட்டியத் தலையில வச்சு வளையல் விக்குதவ. வளையல் கொள்முதலுக்குக் கோவில்பட்டி வந்தவ, எங்க வீட்ட விசாரிச்சுத் தேடி வந்திருக்கா. "உங்க தம்பி உசிரோட இருக்காவளா"ன்னு கேட்டா. உன்னைக் கோயில் வாசல் வேம்புல கட்டிவச்சு ஏழெட்டுப் பேரு அடிச்சாவளாம். கை சுளுக்கு இல்லையாம். ஏன் அடிச்சாவன்னு கேட்டேன். "அத அவியளே சொல்லட்டும்மா, நான் சொன்னாப் பெரிசாயிரும்"னு சொல்லிட்டுத் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டா.

மறைக்காம எழுது. மைதீன் அண்ணாச்சி கையால எழுதினாலும் சரி.

மாரித்தாய்

*

தூத்துக்குடி
29-3-1960

அக்காவுக்கு,

சாப்பிடுதேன், நடக்கேன். அந்த மட்டுக்குச் சுகம். வலது கையில பெருவிரல் மட்டுந்தான் அசையுது. மத்த நாலும் அம்மியில வச்சு நசுக்கின மாதிரி ஆயிட்டு. தோணி வேலை இனிமே இல்ல.

நடந்ததச் சொல்லுதேன். அண்ணாச்சி எழுத முடியாம ரெண்டு மட்டம் பேனாவக் கீழ வச்சிட்டாவ.

சனிக்கிழமை தோணிய விட்டுட்டு கொடைக் கடைப்பக்கம் போனேன். ரசூல் பீவி வளையல் கடை போட்டிருந்தா. என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தவ, "நீங்க பேச்சிக்கு அண்ணனா? அதே நெத்தி"ன்னா. ஆமான்னேன். கடையப் போட்டது போட்டபடி என்னை ஒதுக்குப்புறமாக் கூட்டிட்டுப் போயிச் சொன்னா.

போன பங்குனியில பருத்தி எடுக்குத நேரம். பருத்திக்கு வளையல் மாத்த புஞ்சை வழியா வந்திருக்கா. உச்சி வெயில். கொம்பையா நம்ம பேச்சிய உழவுச் சால்ல குப்புறப் போட்டு கழுத்துல கால வச்சு நிக்கான். அவ மண்ணைக் கையால பறிக்கா. பொறவு முடியச் சுத்திப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி கிணத்துல தள்ளியிருக்கான். தள்ளிட்டு விளிம்புலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தானாம். பீவி சோளத்தட்டைப் படப்புக்குப் பின்னால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கா. "எனக்குப் பொழப்பு இந்த ஊருதான் தம்பி, பதினோரு மாசமா இந்த வயித்துல கல்லக் கட்டிக்கிட்டு வாரேன்"னு சொன்னா.

மறுநாள் காலையில திட்டுக்குப் பொங்கப்பானை கொண்டுபோகணும். கொம்பையா நேத்திக்கடன்னு பானையோட வந்து நின்னான். "மச்சான் கடலையே ஓட்டுத ஆளு, அவியளே ஓட்டட்டும்"னு கரையில எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். ஏத்திக்கிட்டேன்.

பாதித் தூரத்துல துடுப்பை எடுத்து மடியில வச்சேன். "மாப்ள, உனக்கு நீச்சல் தெரியுமா"ன்னேன். "தெரியாது மச்சான், பாத்து ஓட்டுங்க"ன்னான். தோணிய உருட்டிட்டேன்.

முடியப் பிடிச்சு முக்கினேன். முதல் தடவ தூக்கினப்ப என்னைக் கெட்ட வார்த்தையில வஞ்சான். ரெண்டாவது தடவ தூக்கினப்ப அழுதான். மூணாவது தடவ தூக்கினப்ப சொன்னான். "ஆமா, நாந்தான் தள்ளினேன். ஓடிப் போனவள உங்க அக்காதானே பஸ் ஏத்தி அனுப்பிவிட்டா. அவளுக்கு இனிமே போக்கிடம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு."

மறுபடியும் முக்கினேன். இந்தத் தடவ தூக்கக்கூடாதுன்னுதான் முக்கினேன். குமிழி வந்துது. காலு உதைக்கிறது நின்னுட்டு. அப்புறம் தூக்கிட்டேன். தோணியில தொத்த வச்சு கரைக்கு நீந்தித் தள்ளிக்கிட்டு வந்தேன்.

கரையில அவன் தண்ணி கக்கிக்கிட்டுக் கெடக்க, ஊர் முன்னால எல்லாத்தையும் சொன்னேன். கேக்க ஆளில்ல. அவன் தம்பிமாரும் பங்காளிகளும் வந்துட்டாவ. வேம்புல கட்டினாவ. உலக்கை கொண்டு வந்தாவ. என் கையக் கல்லு மேல விரிச்சுப் பிடிச்சது ரெண்டு பேரு. அத்தான் அங்கன நின்னாவ. அவியதான் "போதும்ல, செத்துரப் போறான்"னு சொன்னாவ. அதுக்குள்ள கை போயிருந்துது.

அவன் சொன்னது நெசமா? பேச்சி உங்கிட்ட வந்தாளா?

சாமித்துரை

*

தூத்துக்குடி
2-5-1960

அக்கா,

ஒரு மாசமாச்சு. பிள்ளைக சுகமா? கொம்பையா என் மேல கேசு கொடுத்திருக்கான். கொல்லப் பாத்தேன்னு. போலீஸ் வந்து எழுதிட்டுப் போயிருக்காவ. பேச்சி விஷயத்தச் சொன்னேன். "அது போன வருஷமே கால் தவறி விழுந்ததுன்னு முடிஞ்சு போச்சு"ன்னுட்டாவ.

நான் கேட்டதுக்கு நீ ஒரு வார்த்தை எழுது. வந்தாளா இல்லையா?

சாமித்துரை

*

கோவில்பட்டி
27-5-1960

தம்பிக்கு,

இந்தக் கடுதாசிய நாலு தடவ எழுதிக் கிழிச்சேன்.

வந்தா. வியாழக்கிழமை சாயங்காலம் வந்தா. கழுத்துல கயிறு இறுக்கின தடம் கன்னிப் போயிருந்துது. முதுகைத் திறந்து காட்டினா. மாட்டைக்கூட அப்படி அடிக்க மாட்டாவ. ரெண்டு நாள் எங்கூடப் படுத்திருந்தா. "அக்கா, எனக்கு ஒரு மூலையும் கஞ்சியும் போதும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிச் சம்பாதிச்சுக் கொடுத்துருதேன்"னா.

உங்க அத்தான், "என் சித்தப்பா மவன் பொண்டாட்டிய நான் ஒளிச்சு வச்சேன்னு ஊரு பேசணுமா, அவ இருந்தா நீயும் கூடக் கிளம்பு"ன்னாவ. நான் எங்க கிளம்புவேன், ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு. அப்படித்தான் அன்னைக்கு நெனச்சேன். சனிக்கிழமை காலையில நாந்தான் பஸ் ஏத்தினேன். ஜன்னல் வழியா என் கையப் பிடிச்சுக்கிட்டா. கண்டக்டர் விசில் ஊதிட்டாரு, அவ விடல. நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். செவ்வாய்க்கிழமை சாவு சொல்லி ஆளு வந்துட்டு.

கால் தவறி விழுந்தான்னு அவிய சொன்னப்ப நான் ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.

நடந்தத எழுதின உன் கடுதாசி வந்த பொறவு ஒன்றரை மாசம் சும்மா இருந்தேன். போன வெள்ளிக்கிழமை ரசூல் பீவியத் தேடி எட்டயபுரம் போனேன். "நீ கண்டதச் சொல்லு, நான் கேட்டதச் சொல்லுதேன்"னேன். வளையலையெல்லாம் பெட்டியில அடுக்கி முடிச்சா. பொறவு முக்காட்ட இழுத்துப் போத்திக்கிட்டு, "வாங்க, போவோம்"னு எழுந்திரிச்சா. ரெண்டு பேரும் பெரிய போலீஸ் அதிகாரியப் பாத்து எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் உங்க அத்தான் விறகுக்கட்டையால அடிச்சாவ. முன்பல்லு ரெண்டு இல்ல. பிள்ளைக அலறினதுல பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பிடிச்சாவ. இப்ப நானும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் பக்கத்துல ஒரு அறையில இருக்கோம். விலாசம் பின்னால எழுதியிருக்கேன்.

உனக்கு என் மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் சரிதான். அதக் குறைச்சுக்கோன்னு கேக்க மாட்டேன்.

மாரித்தாய்

*

தூத்துக்குடி
11-6-1960

அக்காவுக்கு,

கடுதாசி வந்துது. பல்லு வலி குறைஞ்சிருக்கா? வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளி. பெரியவளை வேலைக்கு அனுப்பாத, பள்ளிக்கூடம் போகட்டும்.

கொம்பையாவப் பிடிச்சிட்டாவன்னு மைதீன் அண்ணாச்சி விசாரிச்சுட்டு வந்து சொன்னாவ. கிணத்துல தள்ளினத ரசூல் பீவி மட்டுமில்ல, புஞ்சையில பருத்தி எடுத்த இன்னொரு பொம்பளையும் பாத்தேன்னு இப்பச் சொல்லுதாளாம்.

உன் மேல எனக்குக் கோவம் இல்ல. அதுக்கு மேல என்ன எழுதன்னு தெரியல.

சாமித்துரை

*

கோவில்பட்டி
19-12-1960

சாமித்துரைக்கு அக்கா எழுதுதேன்.

போன மாசம் கோர்ட்டுல உன்னைத் தூரத்துலருந்துதான் பாக்க முடிஞ்சுது. மெலிஞ்சு போயிட்ட. கொம்பையாவ முக்கினதுக்கு உனக்கு ஆறு மாசம்னு ஜட்ஜு சொன்னப்ப நீ தலைய ஆட்டினத நான் பாத்தேன். ஜெயில்ல சாப்பாடு எப்படி? கைக்கு மருந்து கொடுக்காவளா?

அன்னைக்கு உன்னை வண்டியில ஏத்தினதுக்குப் பொறவு நடந்தத நீ பாக்கல. கொம்பையாவுக்கு ஆயுள்னு தீர்ப்பு வந்ததும் அவன் தம்பி ஒருத்தன் வராந்தாவுல வச்சு ரசூல் பீவி மேல பாஞ்சுட்டான். கழுத்தப் பிடிச்சுச் செவத்துல மோதினான். கை வளையல் அத்தனையும் ஒடைஞ்சு சதையில குத்திட்டு. நான் செருப்பக் கழத்தி அவன் மூஞ்சியில அடிச்சேன். விடுத வரைக்கும் அடிச்சேன். போலீஸ் வந்து இழுத்துட்டுப் போனாவ. வாழ்நாள்ல நான் ஒரு ஆளு மேல கைநீட்டினது அன்னைக்குத்தான். ஆனா வெக்கமா இல்ல.

பீவிக்கு அந்தப் பக்கத்து ஊர்கள்ல இனிமே யாவாரம் கிடையாது. இப்ப கோவில்பட்டிச் சந்தையில உக்காந்து விக்கா. ஞாயித்துக்கிழமை வந்து பிள்ளைகளுக்குத் தலை சீவி விடுதா.

சாட்சிக் கூண்டுல நின்னு, பேச்சி என்னைத் தேடி வந்ததையும் நான் அனுப்பினதையும் எல்லார் முன்னாலயும் சொன்னேன். உங்க அத்தான் முன்வரிசையில உக்காந்திருந்தாவ. அவியளப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.

மாரித்தாய்

*

ஜெயில், பாளையங்கோட்டை
22-1-1961

அக்காவுக்கு,

சுகம். எழுத்து கோணலா இருக்கும். இடது கையால எழுதப் பழகிட்டேன். இது நானே எழுதுதது. மைதீன் அண்ணாச்சிகிட்ட சொல்ல முடியாதத எழுதணும்னுதான் பழகினேன்.

நாலாவது தடவ முக்கினப்ப அவன ஏன் தூக்கினேன்னு நீ கேக்கவே இல்ல. எல்லாரும் கேட்டாவ. வக்கீல் கேட்டாரு. தெரியாதுன்னேன். தெரியும்.

பேச்சி உங்கிட்ட வந்தா இல்லையா, அதே வியாழக்கிழமை காலையில முதல்ல எங்கிட்ட வந்தா. துறைமுக வாசல்ல நின்னா. கழுத்தக் காட்டினா. எனக்கு அன்னைக்கு ரெண்டு தோணி நிறையச் சரக்கு, கப்பல் காத்துக் கெடக்கு. ஆம்பளைக நாலு பேரு இருக்குத அறையில தங்கச்சிய எங்க வைப்பேன்னு யோசிச்சேன். ஓட்டல்ல சோறு வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்னா. "அக்காகிட்ட போ, அவ பாத்துக்கிடுவா"ன்னு பஸ் ஏத்திட்டு வேலைக்கு ஓடிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.

தண்ணிக்குள்ள அவன் "உங்க அக்கா அனுப்பிவிட்டா"ன்னு சொன்னப்ப, அவனுக்கு முழுசாத் தெரியலன்னு நெனச்சேன். அவன முக்கிக்கிட்டிருந்த கை, பேச்சிய பஸ் ஏத்திவிட்ட அதே கைதான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் தூக்கினேன்.

நெசமான்னு எழுது எழுதுன்னு உன்னைப் போட்டு விரட்டினேன். கூண்டுல நீ தனியா நின்னு சொன்னப்ப நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன்.

மே 12-ம் தேதி காலையில விடுதாவ. நீ வாரதும் வராததும் இதை வாசிச்ச பொறவு முடிவு பண்ணு.

சாமித்துரை

*

கோவில்பட்டி
2-2-1961

தம்பிக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். உன் எழுத்து கோணலா இல்ல, வாசிக்க முடியுது.

எனக்குத் தெரியும்ல. பேச்சி வந்த அன்னைக்கே சொல்லிட்டா. "அண்ணன் ஓட்டல்ல சோறு வாங்கித் தந்து, உங்கிட்ட போகச் சொல்லிச்சுக்கா"ன்னு சொன்னா. உன் மேல அவளுக்கு வருத்தம் இல்ல. நான் பாத்துக்கிடுவேன்னு நீ சொன்னத நம்பித்தான் வந்திருந்தா.

கோர்ட்டுல அந்த வக்கீல், "உங்க வீட்டுக்கு வாரதுக்கு முன்னால வேற எங்கயும் போனாளா"ன்னு கேட்டாரு. இல்ல, ஊர்லருந்து நேரா எங்கிட்டதான் வந்தான்னேன். சத்தியம் பண்ணிட்டு நான் சொன்ன பொய் அது ஒண்ணுதான். கை போன ஆளுக்கு இதுவும் எதுக்குன்னு இருந்துட்டு.

மே 12-ம் தேதி முதல் பஸ்ஸுக்கு வாரேன். அது பிந்தினா வாசல்லயே நில்லு. யார் கூப்பிட்டாலும் வேற எங்கயும் போயிராத.

அக்கா
மாரித்தாய்